ஆன்டெனாவின் பாதி மண்ணுக்குள்

சென்னை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டு எண்கள் மனப்பாடமாகவே இருக்கும். நிலையத்தின் பெயரைச் சொன்னதும் அறிவிப்பாளர் மத்திய அலை 416.7 மீட்டர் என்பார். கூடவே 720 கிலோஹெர்ட்ஸ் என்பார். கிலோஹெர்ட்ஸ் எதற்கென்று தெரியும். முள்ளைத் திருகி நிலையத்தைப் பிடிக்க அந்த எண் வேண்டும். மீட்டரை எதற்காகச் சொல்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த மீட்டரைப் பற்றியதுதான்.

அது அலையின் நீளம். வானொலி அலையும் ஒளியும் ஒரே இனம். இரண்டுக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். நொடிக்கு 7,20,000 முறை அதிரும் அலை என்றால், அந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் 416.7 மீட்டர் என்று வரும். இதே கணக்கை 101.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் ரெயின்போ பண்பலைக்குப் போட்டுப் பாருங்கள்: 2.96 மீட்டர். ஒரே நகரத்தில், ஒரே நிறுவனம் அனுப்பும் இரண்டு அலைகளுக்கும் நீளத்தில் 140 மடங்கு வேறுபாடு. கோபுரத்தை எங்கே நிறுத்துவது, அதற்கு எவ்வளவு நிலம் வேண்டும், கட்டடத்துக்குப் பின்னால் இருப்பவருக்கு ஒலி போய்ச் சேருமா, வழியில் ஒலியை வாங்கி மறுபடி வீசும் அஞ்சல் நிலையம் ஒன்று தேவையா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த 140 மடங்குக்குள் இருக்கிறது.

கேட்பவர் இருக்கும் இடமாக நூம்பலை எடுத்துக்கொள்வோம். திருவேற்காட்டுக்கும் வேலப்பன்சாவடிக்கும் பக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய புறநகர்ப் பகுதி. கிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தள்ளி, மெரினாவில் காமராசர் சாலையில், அகில இந்திய வானொலியின் நிலையம் இருக்கிறது. வடக்கே சில கிலோமீட்டரில் ஆவடி. சென்னை வானொலியின் சிற்றலை ஒலிபரப்புகள் புறப்பட்ட இடம் அது. பேசுவது கடற்கரையில், அலையை வீசுவது ஊருக்கு வெளியே என்று பெரிய வானொலி நிலையங்கள் உலகெங்கும் இரண்டாகப் பிரிந்தே இருந்தன. இந்தப் பிரிவினைக்குக் காரணம் அலையின் நீளம்.

ஓர் ஆன்டெனா நன்றாக வேலை செய்ய, அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்காவது இருப்பது நல்லது. 416.7 மீட்டரில் கால் பங்கு 104 மீட்டர். இவ்வளவு உயரமான கம்பத்தை எழுப்பி, அதன் உச்சியில் ஆன்டெனாவை மாட்டுவதில்லை. கம்பமே ஆன்டெனா. ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் பூசிய அந்த இரும்புச் சட்டகம் முழுவதிலும், அடியிலிருந்து நுனி வரை, மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. ஆகவே கம்பம் தரையைத் தொடக்கூடாது. பீங்கானால் ஆன ஒரு மின்காப்பின் மேல் அத்தனை டன் இரும்பும் நிற்கும்; சாயாமல் நாலாபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளிலும் இடையிடையே காப்புகள் கோத்திருக்கும். பறவை வந்து உட்காரலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. தரையில் நின்றபடி ஒரு மனிதர் கை வைத்தால் உயிர் போகும். விமானங்களுக்காக உச்சியில் எரியும் சிவப்பு விளக்குக்கு மின்சாரம் கொண்டுபோவதே ஒரு தனிச் சிக்கல். சாதாரண ஒயரை மேலே இழுத்தால், ஒலிபரப்பின் ஆற்றல் அந்த ஒயர் வழியே தரைக்கு இறங்கிவிடும். ஒன்றையொன்று தொடாத இரண்டு பெரிய வளையங்களாகச் செய்த மின்மாற்றி ஒன்றின் மூலம், இடைவெளியைத் தாண்டி விளக்குக்கு மின்சாரம் தருகிறார்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பாதி. மறு பாதி மண்ணுக்குள் இருக்கிறது. கால் அலைக் கம்பம் தனியாக நின்று அலை வீசாது. அதற்கு எதிர்ப்புறமாக ஒரு கடத்தி வேண்டும், அந்தக் கடத்தி பூமி. மண் நல்ல கடத்தி இல்லை என்பதால் கம்பத்தின் அடியிலிருந்து செப்புக் கம்பிகளைக் குடைக் கம்பிகள்போல எல்லாத் திசையிலும் பரப்பிப் புதைக்கிறார்கள். எத்தனை கம்பி வேண்டும் என்பதற்கு 1937இல் அமெரிக்கப் பொறியாளர்கள் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் வயலில் கம்பிகளைப் புதைத்து அளந்து வெளியிட்ட ஆய்வுதான் இன்றைக்கும் ஆதாரம். 120 கம்பிகள், அதாவது 3 பாகைக்கு ஒன்று, ஒவ்வொன்றும் கால் அலை நீளம் என்ற நடைமுறை அதையொட்டி நிலைத்தது. நம் 720 கிலோஹெர்ட்ஸுக்கு இந்த முறையில் போட்டால் 12 கிலோமீட்டருக்கு மேல் செம்பு மண்ணுக்குள் போகும். கம்பத்தைச் சுற்றி 104 மீட்டர் ஆரத்துக்கு நிலம் வேண்டும். எட்டு ஏக்கருக்கும் அதிகம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது புல் முளைத்த வெற்று நிலமாகத்தான் தெரியும். அங்கே எதையும் கட்டாமல் ஏன் வீணாக வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தோன்றும். வீணாக இல்லை. அந்த நிலம் ஆன்டெனாவின் உறுப்பு.

மண்ணின் தரமும் முக்கியம். கடல்நீர் மிக நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஈரக் களிமண் அதில் நூற்றில் ஒரு பங்கு கடத்தினாலே பெரிது. காய்ந்த மணலும் பாறையும் அதைவிடப் பத்து மடங்கு மோசம். மத்திய அலை பகலில் தரையைத் தழுவியபடி ஓடுவது; போகிற வழியெல்லாம் மண் அதன் ஆற்றலைத் தின்கிறது. ஆகவே பொறியாளர் தேடுவது தட்டையான, ஈரம் தங்கும், களிப்பான, கட்டடம் இல்லாத நிலம். சென்னைக்கு மேற்கே ஒரு காலத்தில் இருந்தது அப்படிப்பட்ட நிலம்தான். அம்பத்தூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, அயனம்பாக்கம் ஏரி, அவற்றின் ஆயக்கட்டு வயல்கள், நடுவே கூவம். விவசாயிக்கு எது நல்ல நிலமோ அதுவே மத்திய அலைக்கும் நல்ல நிலம் என்பது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த உண்மை.

சென்னையில் ஒலிபரப்பு இவ்வளவு பெரிய நிலத்தைக் கேட்கும் நிலைக்கு உடனே வந்துவிடவில்லை. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் எழும்பூரில் 40 வாட் கருவியோடுதான் புறப்பட்டது, பிறகு 200 வாட். பழைய பாணி வீட்டு மின்விசிறி மூன்றுக்கு அது போதாது. பணமில்லாமல் 1927இல் கிளப் முடங்க, கருவி மாநகராட்சிக்கு வந்தது. 1930 ஏப்ரலில் ரிப்பன் மாளிகையிலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் கேட்பதற்காக மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ஒரு நகராட்சி தன் மக்களுக்குச் சங்கீதம் அனுப்பியது நம் ஊர் வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத செய்தி. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தபோது நகருக்கு 250 வாட் மத்திய அலையும், மாகாணத்தின் தூர ஊர்களுக்கு 10 கிலோவாட் சிற்றலையும் வைத்தது. முதல் அலைவரிசையின் சக்தி பின்னாளில் 200 கிலோவாட் வரை ஏறியது. கிளப்பின் முதல் கருவியைப் போல 5,000 மடங்கு.

இருட்டியபின் மத்திய அலைக்கு இன்னொரு வழி திறக்கும். வளிமண்டலத்தின் உச்சியில் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற அடுக்குகள் இருக்கின்றன. கீழ் அடுக்கு பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அது கலைந்து, மேல் அடுக்கு அலையைத் திருப்பி அனுப்பும். தமிழகக் கடலோரத்தில் இரவில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டதும், இங்கிருந்து போன நிகழ்ச்சிகள் அங்கே கேட்டதும் இதனால்தான். தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் ஒலிபரப்பியை நிறுத்தி இலங்கைக்கென்றே தமிழ் அனுப்பினார்கள். அலைக்குக் கடலும் எல்லைக்கோடும் தெரியாது. அந்தக் கடல், அலை அதிகம் சேதப்படாமல் ஓடக்கூடிய நல்ல உப்புநீர் வேறு.

இனி பண்பலை. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. அன்று அதைக் கேட்கும் வசதியுள்ள பெட்டி வைத்திருந்தவர்கள் சொற்பம். முதல் தனியார் நிலையம் 2001இல் பெங்களூரில் வரும்வரை இங்கு பண்பலை என்றாலே அரசு வானொலிதான்.

பண்பலையில் கோபுரம் ஆன்டெனா அல்ல. மூன்று மீட்டர் அலைக்குக் கால் பங்கு முக்கால் மீட்டர். கை நீள ஆன்டெனாக்கள் சிலவற்றை அடுக்கி மேலே தூக்கிப் பிடிக்கத்தான் கோபுரம். அதற்குச் செப்பு புதைத்த நிலம் வேண்டாம், உயரம் மட்டும் போதும். இந்தக் குட்டை அலை தரையைத் தழுவி ஓடாது, வானத்து அடுக்கும் அதைத் திருப்பாது. கண்ணுக்குத் தெரிகிற தொலைவும் அதற்குமேல் கொஞ்சமும்தான் போகும். கணக்கு எளிது: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் எல்லை கிடைக்கும். 100 மீட்டர் உயரத்துக்கு 41 கிலோமீட்டர். கேட்பவர் 2 மீட்டர் உயரத்தில் வைத்திருக்கும் பெட்டிக்கு இன்னும் 6 கிலோமீட்டர் சேரும். அப்படிப் பார்த்தால் கடற்கரையோரக் கோபுரத்துக்கு நூம்பல் தாராளமாக எல்லைக்குள் இருக்கிறது.

எல்லைக்குள் இருந்தும் சில இடங்களில் இரைச்சல் வருவதேன்? மாலையில் வானகரம் சிக்னலில் கார் நிற்கும்போது பாட்டு திடீரென்று கரகரக்கும். வண்டி ஒரு மீட்டர் நகர்ந்ததும் தெளியும். நேரே வரும் அலையும், அடுக்குமாடிச் சுவரில் மோதித் திரும்பிவரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டுகின்றன, அடுத்த இடத்தில் அழிக்கின்றன. நேரெதிராக மோதும்போது இந்த அழிவுப் புள்ளிகளுக்கு இடையே அரை அலை தூரம், அதாவது ஒன்றரை மீட்டர். புறநகரில் மாடிகள் உயர உயர இந்தப் புள்ளிகள் பெருகுகின்றன.

வீட்டுக்குள் நிலைமை வேறு. இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட், மத்திய அலைக்குக் கூண்டு. 416 மீட்டர் அலை நாலடி ஜன்னல் வழியே நுழையாது. மூன்று மீட்டர் அலை ஓரளவு நுழைந்துவிடும். போதாததற்கு எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் மத்திய அலைப் பகுதியில்தான் இரைச்சலைக் கொட்டுகின்றன. பழைய டிரான்சிஸ்டரை நூம்பலில் ஒரு குடியிருப்பின் கூடத்தில் வைத்துக் கேட்டுவிட்டு மத்திய அலை செத்துவிட்டது என்று சொல்லாதீர்கள். மொட்டை மாடிக்கு எடுத்துப்போங்கள். பெட்டியைப் படுத்தவாக்கில் வைத்து மெல்லத் திருப்புங்கள். உள்ளே இருக்கும் கரும் ஃபெரைட் கட்டை நிலையத்துக்குக் குறுக்காக வரும்போது ஒலி உரக்கும், நிலையத்தை நேராக நோக்கும்போது அடங்கும். ஒலிபரப்புக் கம்பம் எந்த நேர்கோட்டில் இருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் பள்ளிப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடலாம்.

பண்பலைக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரே அதிர்வெண்ணில் இரண்டு நிலையங்கள் வந்தால் பெட்டி வலுத்ததைப் பிடித்துக்கொண்டு மெலிந்ததை அறவே விட்டுவிடும். பக்கத்து அதிர்வெண்கள் நெருங்கினாலும் தொல்லை. சென்னை நிலையங்களின் எண்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: 91.1, 91.9, 92.7, 93.5, 94.3. ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக 0.8. ஒரே ஊரில் ஒலிக்கும் நிலையங்களுக்கு விட வேண்டிய இடைவெளி அது. பெரும் நகரத்தில் புதுப் பண்பலைக்கு இடம் கிடைப்பது ஏன் கடினம் என்பது இந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.

நிழலில் இருக்கும் ஊருக்கு ஒலி கொண்டுபோக அமெரிக்காவில் டிரான்ஸ்லேட்டர் என்றொரு சிறு கருவி வைக்கிறார்கள். ஒரு நிலையத்தின் ஒலியை வாங்கி, வேறொரு அதிர்வெண்ணில் மறுபடி வீசும். அதிர்வெண்ணை மாற்றாவிட்டால் தான் வீசியதைத் தானே வாங்கித் திணறும். நமக்கு இது புதிதல்ல. அஞ்சல் என்ற பெயரில் எப்போதோ இருக்கிறது. தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியைச் சென்னையும் திருச்சியும் அஞ்சல் செய்த நாட்களில், சிற்றலையில் வந்ததை வாங்கி மத்திய அலையில் அனுப்பினார்கள். வாசிப்பவரின் குரல் நடுவில் அமுங்கி மீண்டு வந்தது வானத்து அடுக்கின் ஆட்டம். செயற்கைக்கோள் வந்தபின் அந்த ஆட்டம் நின்றது. இந்தியாவில் இப்போது 100 வாட் பண்பலை அஞ்சல் கருவிகள் பரவிவருகின்றன; 2023 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 91 கருவிகள் தொடங்கப்பட்டன.

மலை இருக்கும் ஊருக்கு வாய்ப்பு அதிகம். கொடைக்கானலின் 100.5 சமவெளிக்கு மேல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலிருந்து வீசுகிறது. நம் சூத்திரப்படி எல்லை 184 கிலோமீட்டர். மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்கள் ஒற்றை ஆன்டெனாவின் கீழ் வந்துவிடுகின்றன. சென்னைக்கு மேற்கே அப்படி மலை இல்லை. சமுதாய வானொலிக்கோ சட்டமே உயரத்தையும் சக்தியையும் கட்டுகிறது: வீசும் சக்தி 100 வாட், ஆன்டெனா 30 மீட்டருக்குள். 2004 பிப்ரவரியில் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 இந்தியாவின் முதல் வளாக வானொலி. பாம்பனில் மீனவர்களுக்காக 2016 ஆகஸ்ட் 15இல் பிறந்த கடல் ஓசையின் எண்ணும் 90.4தான். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ய முடியாத அளவுக்குச் சிறியவை. சிறியதாக இருப்பதால்தான் அதே எண்ணை நூறு ஊர்களுக்குக் கொடுக்க முடிகிறது.

சிறு கருவிகளை நிறைய வைத்துவிட்டால் பெரிய கம்பம் எதற்கு என்ற கேள்வி இங்கே வரும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜாஸ்பர் என்ற ஊரின் டபிள்யூ.ஜே.எல்.எக்ஸ். நிலையம் தன் 200 அடி மத்திய அலைக் கம்பமே திருடு போய்விட்டதாக அறிவித்தது. நேயர்கள் அந்த நிலையத்தைப் பண்பலை டிரான்ஸ்லேட்டரிலும் கேட்டுவந்தார்கள். டிரான்ஸ்லேட்டருக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் மூல ஒலிபரப்பு நின்றபின் அஞ்சலுக்கு அனுமதி கிடையாது என்று அதையும் நிறுத்தச் செய்தார்கள். அது சட்டத்தின் சிக்கல். பௌதிகத்தின் சிக்கல் நமக்கு 2015 டிசம்பரில் தெரிந்தது. சென்னை வெள்ளத்தில் மின்சாரம் போய், செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் பேட்டரி தீர்ந்து நின்றன. ஓராண்டில் வார்தா புயல் வந்தபோதும் அதே கதை. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு உழைக்கும் ஆயிரம் கோபுரங்களுக்கு ஆயிரம் இடத்தில் டீசல் வேண்டும். மத்திய அலைக் கம்பம் ஒன்றுக்கு ஓரிடத்தில் ஜெனரேட்டர் ஓடினால் திருவள்ளூரும் காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் சேர்ந்து கேட்கும். கேட்பவருக்கு இரண்டு பேட்டரிக் கட்டை போதும்.

செலவு இருக்கிறது, மறைப்பதற்கில்லை. 200 கிலோவாட் ஒலிபரப்பி 85 விழுக்காடு திறனோடு தினம் 18 மணி நேரம் ஓடினால்கூட 4,200 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தின்னும். பழைய வால்வுக் கருவிகள் இன்னும் அதிகம் தின்றன. டி.ஆர்.எம். எனும் எண்முறை ஒலிபரப்பு அதே பரப்பைக் குறைந்த மின்சாரத்தில் தரும். இந்தியாவில் 35க்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகள் அதற்கு மாற்றப்பட்டுவிட்டன, வாங்கிக் கேட்க மலிவான பெட்டிதான் கடைகளில் இல்லை. இதற்கிடையே அகில இந்திய வானொலியின் சிற்றலை அநேகமாக ஓய்ந்துவிட்டது, மத்திய அலை ஒலிபரப்பிகளும் ஒவ்வொன்றாக நிற்கின்றன. கருவியை நிறுத்தினால் பத்து வருடம் கழித்து வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். எட்டு ஏக்கர் ஈர நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டால் சென்னைக்கு மேற்கே அதைத் திரும்ப வாங்க எந்த அரசாலும் முடியாது. நான் பயப்படுவது கருவிக்காக அல்ல, நிலத்துக்காக.

பழைய கோபுரத்துக்குப் புது வேலை கொடுக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று பண்பலையைக் கண்டுபிடித்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கோபுரமே. 1930களின் இறுதியில் நியூஜெர்சியின் ஆல்பைனில் அவர் எழுப்பியது அது. 1954இல் அவர் இறந்தார், கோபுரம் நின்றது. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தோடு நியூயார்க் தொலைக்காட்சி நிலையங்களின் ஆன்டெனாக்களும் அழிந்தபோது, சில நிலையங்கள் ஆல்பைனுக்கு ஓடிவந்து அந்தப் பழைய கோபுரத்திலிருந்து ஒலிபரப்பைத் தொடர்ந்தன. யாரும் அதற்காகத் திட்டமிட்டு அதைக் காப்பாற்றி வைக்கவில்லை. இடிக்காமல் இருந்தார்கள், அவ்வளவே.

மேற்குப் புறநகரில் மத்திய அலைக் கம்பம் எது நின்றாலும் இதைச் செய்து பார்க்கலாம். கம்பத்தின் மேல் பண்பலை ஆன்டெனாவைப் பொருத்தி, விளக்குக்குச் செய்வதுபோலவே தரையோடு மின்தொடர்பு இல்லாத இணைப்பின் வழியே ஆற்றலை அனுப்புவது உலகில் பல இடங்களில் உள்ள வழக்கம். ஒரே இரும்பு இரண்டு அலைக்கும் உழைக்கும். ஆவடிப் பக்கத்தில் 100 மீட்டர் உயரத்தில் ஓர் அஞ்சல் ஆன்டெனா வைத்தால் திருநின்றவூர், திருவள்ளூர் தாண்டி அரக்கோணம் ஓரம் வரை 47 கிலோமீட்டர் எல்லை கிடைக்கும். கடற்கரையிலிருந்து வரும் அலைக்கு நிழலாக இருக்கும் அடுக்குமாடிகளின் மேற்குச் சுவர்களிலும் அது நேராக விழும். அதிர்வெண் ஒன்று ஒதுக்க வேண்டும். அல்லது இரண்டு ஒலிபரப்பிகளையும் செயற்கைக்கோள் கடிகாரத்தால் ஒத்திசைத்து ஒரே எண்ணில் ஓட்டவேண்டும். முதல் வழி 0.8 இடைவெளி வரிசையில் இடம் தேடுவது, இரண்டாவது வழி கருவிக்குச் செலவழிப்பது. இரண்டாவது வழியில் அளந்து பார்க்க வேண்டிய முதல் இடங்கள் நூம்பல், வேலப்பன்சாவடி, திருவேற்காடு. இரண்டு ஒலிபரப்பிகளின் வலிமையும் ஏறக்குறைய சமமாகி, பெட்டி எதைப் பிடிப்பதென்று தடுமாறக்கூடிய இடைப்பகுதி இங்கேதான் எங்காவது விழும்.